நாடகம் போடாதடா

போன வாரக் கதையில் பெரியவளை ஃபிரிட்ஜுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், அவளுக்கு நிற்பதொன்றும் புதிதல்ல. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மஞ்சள் டிக்கெட் ஒட்டியிருந்தது. அவளுடைய தம்பி கொடுத்தனுப்பியது. கொண்டு வந்து ஒட்டியவள் அவளுடைய மகள். ஒரு இடத்தில் சும்மா இருக்காததால் வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்று பெயர்.

“மாமா சொன்னாங்க, அம்மா முதல்ல வந்து நாடகத்தைப் பாக்கட்டும், அப்புறம் பேசலாம்னு.”

அக்காவும் தம்பியும் பேசி மூன்று வருடம் ஆகிறது. அவன் நடிகன், ஊர் ஊராக நாடகம் போடும் ஒரு குழுவில் இருக்கிறான். அவள் போன் செய்தால் எடுக்க மாட்டான். அவளும் இரண்டு தடவைக்கு மேல் செய்ய மாட்டாள். அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் வீம்பு கொஞ்சம் கூடுதலாகவே வைத்துப் படைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் இப்போது வீம்பு பார்க்க நேரமில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட அப்பாவை, நாளைக் காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். திருப்புவதற்கும் தூக்குவதற்கும் இரண்டு பேர் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரியவளின் வீட்டுக்காரர் லாரியோடு போனால் வாரக்கணக்கில் போனவர்தான். வாலுவுக்குப் பரீட்சை. பெரியவளுக்கோ தன் முதுகைத் தூக்கிக்கொண்டு நடப்பதே பெரும்பாடு.

அப்பாவைத் தூக்கத் தம்பி வேண்டும். தம்பி வேண்டுமானால் நாடகம் பார்க்க வேண்டும். இதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமையின் நிலவரம்.

பெரியவள் இதுவரை ஒரு மேடை நாடகம்கூடப் பார்த்ததில்லை. தம்பி நடித்ததையும் பார்த்ததில்லை. அதற்கெல்லாம் அவளுக்கு எங்கே நேரம் இருந்தது!

✽

காலை ஷிப்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பெரியவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் வராந்தாவில் மணி அடித்து, அந்த அறை வாசலில் சிவப்பு விளக்கு எரியும். மணி அடித்ததுமே பெரியவளின் வாய் தானாகத் திறக்கும். “இதோ வந்துட்டேன்!” என்ன வேண்டும், யாருக்கு வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான். முதலில் குரல் போய்ச் சேர வேண்டும். குரல் கேட்டுவிட்டால் பாதிப் பேர் அழுவதை நிறுத்திவிடுவார்கள். இத்தனை வருடத்தில் அவள் கற்றுக்கொண்டது அது.

பழக்கம் முற்றிப்போய், தூக்கத்திலும் அவள் “இதோ வந்துட்டேன்” என்று சொல்வதுண்டு. “நான் கூப்பிடவே இல்லையே” என்று வீட்டுக்காரர் இருட்டில் பதில் சொல்வார்.

ஏழாம் அறைப் பெரியவரைத் திருப்பிப் படுக்க வைக்க, கூட வேலை பார்க்கும் சுருட்டைமுடிக்காரி வந்தாள். போர்வையின் ஒரு முனையை இவளும் மறு முனையை அவளும் பிடித்து இழுத்தார்கள். பெரியவளின் இடுப்பில் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“பெல்ட் போட்டிருக்கியா?” என்றாள் சுருட்டைமுடிக்காரி.

“போட்டிருக்கேன். பெல்ட்டுக்கும் வயசாகிடுச்சு.”

“மத்தியானம் போய்ப் படு. சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்காதே.”

“எங்க படுக்கிறது? நாலு மணிக்கு நாடகத்துக்குப் போறேன்.”

சுருட்டைமுடிக்காரி போர்வையைப் பிடித்தபடியே சிரித்தாள். “உங்க வீட்ல தினம் நடக்கிறது பத்தலையா? காசு குடுத்து வேற பாக்கணுமா?”

“காசு இல்ல. தம்பி டிக்கெட் அனுப்பியிருக்கான்.”

“எந்தத் தம்பி? பேசாத தம்பியா?”

“எனக்கு இருக்கிறதே அந்த ஒண்ணுதான்.”

சுருட்டைமுடிக்காரி போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். ஏழாம் அறைப் பெரியவர்தான் கண்ணைத் திறக்காமலே, “போயிட்டு வாம்மா. நாளைக்கு வந்து கதை சொல்லு” என்றார். அவருக்கு மகன் இருக்கிறான். மாதம் ஒரு தடவை வந்து, அரை மணி நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போவான். வந்தவன் இதுவரை அவரைத் தூக்கி உட்கார வைத்ததில்லை. இந்த மாதிரி மகன்களைப் பெரியவள் தினமும் பார்க்கிறாள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது, ஆனால் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடும்போது கொஞ்சம் சத்தமாகப் போடுவாள்.

✽

“அரங்கத்துல தூங்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்றாள் வாலு, படியேறும்போதே.

“தூங்க மாட்டேன்.”

“பஸ்ல தூங்கின.”

“பஸ்ல யாரும் நடிக்கலையே.”

அரங்கம் பழையது. நாற்காலியில் உட்கார்ந்தால் அது ஒரு முறை முனகிவிட்டுத்தான் இடம் கொடுத்தது. மூன்றாவது வரிசை. முன்னால் திரைச்சீலை கனமாகத் தொங்கியது. அதற்குப் பின்னால் யாரோ எதையோ இழுக்கிற சத்தம், யாரோ தும்மும் சத்தம்.

“படம் எதுல தெரியும்?” என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள். நாடகம் என்றால் ஆட்கள் நேரில் வந்து நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்தான். தெரிந்திருந்தும், திரை விலகி, பலகைத் தளத்தில் தடதடவென்று காலடி கேட்டபோது திடுக்கிட்டாள். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நிஜமாக ஆள் வந்து நிற்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

நாடகத்தின் பெயர் ‘மாடி காலி இல்லை’. மனைவியை இழந்த ஒரு வீட்டுக்காரக் கிழவர், காலியாகக் கிடக்கும் மாடியை யாருக்கும் வாடகைக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் ஏதாவது குற்றம் கண்டுபிடித்துத் துரத்துகிறார். அந்தக் கிழவர்தான் அவள் தம்பி. நாற்பது வயதுகூட ஆகாதவன், தலையில் வெள்ளைப் பொடியும் கையில் தடியுமாகக் கூனிக் குறுகி வந்தான்.

பெரியவளுக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. சின்ன வயதில் ஒரு நொடி நிற்காமல் சுற்றுவான் என்பதால் அவனுக்கு வீட்டில் ‘பம்பரம்’ என்று பெயர். அந்தப் பம்பரம் இப்போது ஒரு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. முழங்காலில் கை ஊன்றி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் எழுந்தது. ‘அப்பா எழுந்திருப்பது மாதிரியே எழுந்திருக்கிறான்’ என்று நினைத்தாள்.  அப்பாவை அவன் பார்த்தே மூன்று வருடம் ஆகிறதே, எப்படி ஞாபகம் வைத்திருக்கிறான்?

கூட்டம் சிரித்தது. வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவளின் கண் வேலைக்காரக் கண். அது வேறு எதையெல்லாமோ பார்த்தது. மேடைக் கட்டிலில் விரிப்பு ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் குட்டையாகக் கிடந்தது. தலையணைக்கு உறை சரியாக மாட்டவில்லை. கிழவர் தம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்து வாயைத் துடைத்தார், ஆனால் தம்ளரில் தண்ணீரே இல்லை. மூன்றாவது வரிசையிலிருந்து அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வெறும் தம்ளர். தொண்டை காய்ந்துபோகாதா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

அரங்கம் இருட்டு. மின்விசிறிக் காற்று. நாற்காலி முனகினாலும் மெத்தென்று இருந்தது. அதிகாலையில் எழுந்தவள். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. வாலு முழங்கையால் இடித்தாள். பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி தலை சாய்ந்தது.

எவ்வளவு நேரம் தூங்கினாளோ தெரியாது.

மணி அடித்தது. கணீரென்று, பக்கத்திலேயே.

“யாரு அங்க? யாருமே இல்லையா? கொஞ்சம் தண்ணி குடுங்கப்பா...” ஒரு கிழக் குரல்.

“இதோ வந்துட்டேன்! தண்ணி கொண்டு வர்றேன்!”

சொன்னவள் பெரியவள். சொன்னதோடு நிற்கவில்லை, எழுந்தும் நின்றுவிட்டாள்.

 மேடையில் கட்டிலில் கிடந்த கிழவர், கையில் மணியோடு, தலையைத் திருப்பினார். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அவருக்கு முகம் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் குரலை அவருக்குத் தெரியாதா? அந்தக் குரலில்தானே சின்ன வயதில் அவருக்குச் சோறு வந்தது.

வாலு அம்மாவின் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். “அம்மா, உக்காரும்மா! மானம் போகுது!”

கிழவர் மணியை மெதுவாகக் கட்டிலில் வைத்தார். பெருமூச்சு விட்டார்.

“இப்பத்தான் குரல் வந்திருக்கு” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “ஆளு எப்ப வருமோ?”

அரங்கமே கைதட்டிச் சிரித்தது. அது நாடகத்திலேயே உள்ள வசனம் என்று பல பேர் நினைத்திருப்பார்கள். பெரியவள் அப்படி நினைக்கவில்லை. உட்கார்ந்தாள். காது இரண்டும் தகித்தன. அதற்குப் பிறகு தூக்கம் வரவே இல்லை.

✽

இடைவேளையில் பின்வரிசை மனிதர் ஒருவர் மரியாதையாகக் குனிந்து கேட்டார். “நீங்களும் நாடகக் குழுவாம்மா? ரொம்ப இயற்கையா பண்ணினீங்க.”

“இல்லீங்க. தூங்கிட்டேன்.”

அவர் அதையும் ரசித்துச் சிரித்துவிட்டுப் போனார்.

“மாமா கண்டுபுடிச்சிட்டாங்க” என்றாள் வாலு.

“ஊருக்கே தெரிஞ்சாச்சு. மாமாவுக்குத் தெரியாதா?”

“நீ வரமாட்டேன்னு அவங்க நெனச்சிருந்தாங்கம்மா. போன வாரம் டிக்கெட் குடுக்கும்போதே சொன்னாங்க. ‘உங்கம்மாவுக்கு நாடகம்னா பொய்யின்னு அர்த்தம், அவ எங்க வரப்போறா’ன்னு.”

 பெரியவள் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக அந்தப் பழைய கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா போய்ச் சேர்ந்தாள். ஏழெட்டு மாதம் படுக்கையில் இருந்தாள். அத்தனை மாதமும் பார்த்துக்கொண்டவள் பெரியவள் ஒருத்திதான். தம்பி வருவான், பார்ப்பான், நாடகம் இருக்கிறது என்று போய்விடுவான். அம்மா இறந்த அன்றும் அவன் ஏதோ ஒரு ஊரில் மேடையில் இருந்தான். செய்தி கேட்டு, வேஷத்தைக்கூடச் சரியாகக் கலைக்காமல் ஓடி வந்தான். கண் ஓரத்தில் மை. காதுக்குப் பின்னால் பவுடர். அம்மாவின் காலடியில் விழுந்து அழுதபோது கன்னத்தில் கறுப்பாகக் கண்ணீர் வழிந்தது.

வீடு நிறைய ஆட்கள். பெரியவள் அந்த மையைப் பார்த்தாள். எட்டு மாத அலுப்பும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து வாய்க்கு வந்தன.

“நாடகம் போடாதடா. பாக்கிறவங்க எல்லாம் பாத்தாச்சு. எந்திரி.”

எந்த வீட்டில்தான் இந்த வார்த்தையைச் சொல்லவில்லை? வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் பிள்ளையிடம் சொல்கிறோம், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவரிடம் சொல்கிறோம். ஆனால் நாடகமே பிழைப்பாக இருப்பவனிடம், அம்மாவின் காலடியில் சொன்னால் அதற்கு அர்த்தமே வேறு. அவன் எழுந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆகவேண்டியதையெல்லாம் செய்துவிட்டுப் போனவன் அதற்குப் பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

✽

பிற்பாதியில் சிரிப்புக் குறைந்தது.

மாடியை ஏன் யாருக்கும் கொடுக்கவில்லை என்பது தெரிந்தது. மேலே கொடியில் மனைவி கடைசியாகக் காயப்போட்ட துணிகள் அப்படியே கிடக்கின்றன. எடுத்து மடிக்க அவருக்கு மனமில்லை. மடித்தால் வேலை முடிந்துவிடும், முடிந்தால் அவள் போய்விடுவாள். கிழவர் அந்தத் துணிகளுக்கு நடுவில் நின்று அழுதார்.

எப்படி அழுதான் தெரியுமா! ஒரு கை நெஞ்சில். முகம் வெளிச்சத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. குரல் தழுதழுத்தது, ஆனால் ஒரு வார்த்தைகூட உடையவில்லை. கடைசி வரிசைக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர்ந்தது. கன்னத்தில் ஒரு கோடு, ஒரே கோடு, வெளிச்சத்தில் மின்னியது. அரங்கம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். வாலு துப்பட்டாவைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலி அம்மாள் தேம்பினாள்.

பெரியவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள்.

இது இவன் அழுகை இல்லையே.

பம்பரத்தைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் அழுவது எப்படி என்று அவளுக்குத் தெரியாதா? அழுகை வந்தால் அவன் மேலுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். மூக்கு ஒழுகும். விக்கல் வரும். ஒரு வார்த்தை முழுசாக வராது. பார்க்க நன்றாகவே இருக்காது. அது அவனுக்கும் தெரியும். அதனால் முழங்கையை மடக்கி முகத்தை அதற்குள் ஒளித்துக்கொள்வான்.

அம்மாவின் காலடியில் கிடந்தவன் முகத்தை முழங்கைக்குள் ஒளித்திருந்தான். விக்கிக்கொண்டிருந்தான். உதடு ஒரு பக்கம் கோணியிருந்தது.

நாடகம் போட்டால் இவன் இப்படி, இதோ இந்த மாதிரி, அழகாகத்தான் போடுவான். அன்றைக்கு அவன் போட்டது நாடகம் இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள அவள் ஒரு நாடகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று வருடம் முன்பே ஒன்றைப் பார்த்திருந்தால் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்திருக்காது. பெரியவளுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவும் தெம்பில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

திரை விழுந்தது. மறுபடி விலகியது. நடிகர்கள் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். குழுத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து நன்றி சொன்னார். பிறகு சந்தோஷமாக அறிவித்தார்.

“செவ்வாய்க்கிழமை கிளம்பறோம். இரண்டு மாசம், ஊர் ஊரா இதே நாடகம். உங்க ஆதரவு வேணும்.”

கூட்டம் கைதட்டியது. பெரியவள் வாலுவைப் பார்த்தாள்.

“சத்தியமா எனக்குத் தெரியாதும்மா” என்றாள் வாலு.

நாளை திங்கள். அப்பா வீட்டுக்கு வருகிறார். மறுநாள் செவ்வாய்.

✽

மேடைக்குப் பின்னால் போகும் வழியில் ஒரு தண்ணீர்க் குடம் இருந்தது. பெரியவள் நின்று, ஒரு தம்ளரை இரண்டு தடவை கழுவி, நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். வாலுவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள். பேச வந்தது நினைவிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒப்பனை அறையில் அவன் கண்ணாடி முன்னால் தனியாக உட்கார்ந்து, பஞ்சில் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாதி முகம் கிழவர், பாதி முகம் தம்பி.

“ஆள் வந்தாச்சு” என்றாள்.

அவன் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தான். 

“முதுகு எப்படி இருக்கு?” என்றான்.

“யாரு சொன்னா?”

“வாலுதான்.”

“அவ வாயில எதுதான் நிக்கும்!”

“நாடகம் எப்படி?”

“கட்டிலை ஒழுங்கா விரிக்கல. தலையணை உறை வெளியில தொங்குது. தம்ளர்ல தண்ணி இல்ல.”

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. “தண்ணி வெச்சா சிந்திடும். கீழ வயர் போகுது.”

“இந்தா.”

வாங்கினான். ஒரே மூச்சில் குடித்தான். தம்ளரை மடியில் வைத்துக்கொண்டான்.

“நல்லா அழுத” என்றாள் அவள். “பக்கத்துச் சீட்டு அம்மாவுக்கு முந்தானையே நனைஞ்சுபோச்சு. எனக்குத்தான் அழுகை வரல.”

“பிடிக்கலையா?”

“நீ அப்படி அழமாட்டியேடா. உனக்கு உதடு கோணிக்கும். மூக்கு ஒழுகும். அம்மா போன அன்னிக்கு அப்படித்தான் அழுத.” அவன் மடியிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டாள். “நான் கண்ணு மையைப் பாத்தேன். உதட்டைப் பாக்காம விட்டுட்டேன். அன்னிக்கு நீ போட்டது நாடகம் இல்லடா. இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

அந்த வீட்டில் மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் பயன்படுத்தியதில்லை. இதற்கு மேல் அவளால் முடியாது என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். பஞ்சைக் கீழே வைத்தான்.

“பாதி நாடகம்தான்க்கா.”

“என்னடா சொல்ற?”

“அழுதுக்கிட்டு இருக்கேன். நிஜமாத்தான் அழறேன். ஆனா உள்ள ஒருத்தன் தனியா நின்னு வேடிக்கை பாக்கிறான். தொண்டை எங்க அடைக்குது, கை எங்க போகுது, இதை நாளைக்கு எந்த நாடகத்துல வெச்சுக்கலாம்னு. அம்மா படுத்திருக்காங்க, அவன் பாடம் படிக்கிறான். அந்த நேரம் பாத்து நீ சொன்ன. கையும் களவுமா புடிச்ச மாதிரி ஆயிடுச்சு.” அவன் குரல் இறங்கியது. “உன்மேல எனக்குக் கோபம்னு நீ நெனச்சிருப்ப. கோபம் இல்லக்கா. எப்படி இவ கண்டுபுடிச்சான்னு பயம். உன் மூஞ்சியில முழிக்கப் பயம்.”

பெரியவள் எதிரில் இருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். இன்றைக்கு முதல் தடவையாக அக்கடா என்று உட்கார்ந்தாள்.

“எனக்குள்ளயும் ஒருத்தி இருந்தாடா” என்றாள். “வந்தவங்களுக்கு நாற்காலி பத்துமா, தண்ணி கேன் வந்துச்சா, அம்மா படுத்திருந்த பெட்ஷீட்டை ஊற வெக்கணுமே, அதை எங்க வெச்சேன்னு. அம்மாவ எடுத்துக்கிட்டுப் போறாங்க, நான் பெட்ஷீட்டைத் தேடறேன். நீயாவது பாதி அழுத. நான் இந்த மூணு வருஷத்துல...”

வாக்கியம் முடியவில்லை. மேலுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மூக்கு ஒழுகியது. விக்கல் வந்தது. பெரியவள் முழங்கையை மடக்கி முகத்தை அதற்குள் ஒளித்துக்கொண்டாள். அம்மா போய் மூன்று வருடம் கழித்து, பவுடர் நெடி அடிக்கும் ஒரு அறையில், அம்மாவுக்காக அழுதாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான். எண்ணெய்த் துண்டை நீட்டினான். அவன் உதடும் ஒரு பக்கமாகத்தான் இருந்தது.

“நாடகம் போடாதக்கா” என்றான்.

அவள் முழங்கைக்குள்ளிருந்து சிரித்தாள். சிரிப்பும் விக்கலும் சேர்ந்து புரையேறியது. தலையில் தட்டினான். துண்டில் முகத்தைத் துடைத்தவளின் கன்னமெல்லாம் ரோஸ் பவுடரும் எண்ணெயுமாக ஆனது.

“அப்பாவை நாளைக்குக் காலையில அனுப்பறாங்க” என்றாள், மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும்.

“தெரியும். வர்றேன்க்கா. காலையிலயே வந்து அப்பாவைப் பாக்கறேன்.”

பார்க்கிறேன் என்றான். பெரியவளுக்கு ஏழாம் அறை ஞாபகம் வந்தது. கட்டில் ஓரத்து நாற்காலி ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை வண்டி ஞாபகம் வந்தது. இவ்வளவு அழுது தீர்த்த பிறகு இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு நிமிடம் தயங்கினாள். சொல்லாமல் போனால் நாளை மறுநாள் அப்பாவை யார் பிடிப்பது?

“பாக்க வராதடா” என்றாள். “தூக்க வா.”

அவன் அவளையே பார்த்தான். முகத்தில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது. வெளியே குழுத் தலைவரின் குரல். “மாடி வீட்டுக்காரரே! செவ்வாய்க்கிழமை வண்டிக்குச் சாமான் ஏத்தறோம். உங்க பெட்டியைக் கொண்டு வாங்க!”

பெரியவள் உட்கார்ந்திருந்ததே அந்தப் பெட்டியின் மேல்தான். அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முதுகும் விடவில்லை.

கதவு மறுபடி தட்டப்பட்டது.

அவன் கண்ணாடியைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

“இதோ வந்துட்டேன்” என்றான்.

அதை யாருக்குச் சொன்னான் என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.